மூட்டுக்குச் சிகிச்சை, மனத்துக்குக் காவல்

முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏற மாட்டாமலும், தரையில் அமர்ந்தால் பிறர் கைகொடுத்தாலன்றி எழுந்திருக்க மாட்டாமலும், இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் வலியினால் விழித்துக்கொண்டும் காலம் தள்ளுகிற முதியவர்களுக்கு, கெட்டுப்போன மூட்டை அகற்றிவிட்டு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சை, நம் காலத்து வைத்திய சாஸ்திரம் அளித்திருக்கும் வரப்பிரசாதங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற நிபுணர், எளிதில் தேயாத பாலிஎத்திலீன் கிண்ணத்தை இடுப்பு மூட்டில் வைத்துக் காட்டியதிலிருந்தும், 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவருடைய சகாக்களும் முழங்காலுக்கென முழு மூட்டு ஒன்றை உருவாக்கியதிலிருந்தும், சீமான்களுக்கே உரியதாக இருந்த இந்தச் சிகிச்சை படிப்படியாக இறங்கி வந்து, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு சாதாரண கோபால்ட்-குரோமிய முழங்கால் மூட்டின் விலைக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்த பிறகு, பென்ஷன் வாங்கும் பள்ளி ஆசிரியரும் நினைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றாகிவிட்டது.

இத்தகைய சிகிச்சைக்கு ஒரு பெரியவரை அழைத்துச் செல்லும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் பல. எத்தனை நாளில் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாமா, சர்க்கரை இருக்கிறதே புண் ஆறுமா, இருதயம் தாங்குமா, மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும், செலவு எவ்வளவு ஆகும் என்று ஒன்று விடாமல் கேட்பார்கள்; மருத்துவரும் பொறுமையோடு விடை சொல்லுவார். ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ, பல் பரிசோதனை வரையில் எல்லாம் நடைபெறும். இவ்வளவு விசாரணைக்கும் நடுவில் அந்தப் பெரியவருடைய ஞாபகசக்தி எப்படி இருக்கிறது, யோசிக்கும் திறன் எப்படி இருக்கிறது, சிகிச்சையின் அதிர்ச்சியை அவருடைய மூளை எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வியை மட்டும் குடும்பத்தாரும் கேட்பதில்லை; மருத்துவரும் பெரும்பாலும் எழுப்புவதில்லை. காலுக்கு இத்தனை சோதனை செய்கிற நாம் மனத்தை விசாரிக்காமலே கட்டிலில் ஏற்றிவிடுகிறோம் என்பதும், இந்த ஒரு புறக்கணிப்பினால் தவிர்க்கத்தக்க துன்பம் பலவற்றைத் தவிர்க்காமல் விட்டுவிடுகிறோம் என்பதுமே இக்கட்டுரையின் முறையீடு.

நடப்பது என்னவென்று முதலில் பார்க்கலாம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மயக்கம் தெளிந்து, மறுநாள் காலையில் மகனையும் மருமகளையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசி, கஞ்சியும் குடித்த ஒருவர், அன்று இரவோ அதற்கு அடுத்த இரவோ, திடீரென்று தாம் இருக்கும் இடம் ஆஸ்பத்திரி என்பதை மறந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்று கட்டிலை விட்டு இறங்க முயலுகிறார். கையில் ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். காலமாகிப் பல வருஷமான தம் தமையனார் வாசலில் நிற்பதாகச் சொல்லுகிறார். பெற்ற மகளையே யார் என்று கேட்கிறார். விடிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் பேசுகிறார். மாலை மங்கியதும் மறுபடியும் பிதற்றத் தொடங்குகிறார். ஆஸ்பத்திரிகளில் டெலிரியம் என்று சொல்லப்படும் இந்தச் சித்தக் குழப்பத்திற்கு இன்னொரு ரூபமும் உண்டு. கூச்சல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நோயாளி சுவரைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருப்பார், கேட்டதற்கு அரைகுறையாக விடை சொல்லுவார், வாயில் வைத்த உணவை விழுங்க மறந்திருப்பார். முன்னது வார்டு முழுவதையும் எழுப்பிவிடுவதால் கவனிக்கப்படுகிறது. பின்னது, ‘அசதியில் தூங்குகிறார், தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று விட்டுவிடப்படுகிறது. உண்மையில் இந்த மௌனக் குழப்பமே முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும், கண்டுபிடிக்கப்படாமல் போவதால் அதிகத் தீங்கு விளைவிப்பதும் ஆகும்.

சில நாட்களில் அடங்கிவிடும் இக்குழப்பம் ஒரு வகை. குழப்பம் எதுவும் வெளிப்படையாக இல்லாமலே, வீடு திரும்பிய பிறகு பேப்பர் படித்தால் மனத்தில் தங்குவதில்லை, மாத்திரை சாப்பிட்டோமா என்பது நினைவில்லை, கடைக் கணக்குப் போட்டால் தடுமாறுகிறது என்று வாரக்கணக்கில் தொடரும் மந்தம் வேறு வகை. 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இவற்றுக்கு வரையறை வகுத்தபோது, சிகிச்சைக்குப் பின் முப்பது நாட்கள் வரை காணும் மந்தத்தைத் தாமதமாகத் தேறும் நிலை என்றும், முப்பது நாட்களுக்கு மேல் ஓராண்டு வரையில் நீடிப்பதை அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய அறிவுத்திறன் கோளாறு என்றும் பிரித்தார்கள். குடும்பத்தார் அறிய வேண்டிய பேதம் இதில் அடங்கியிருக்கிறது: முதல் வாரத்துக் குழப்பம் உடனடியாகக் காரணம் தேட வேண்டிய அவசர நிலை, முதல் மாதத்து மந்தம் பொறுத்திருந்து பார்க்க வேண்டியது, மூன்று மாதங்களுக்குப் பிறகும் விலகாத மந்தம் நிபுணரிடம் காட்ட வேண்டியது.

இது நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமும் அன்று. மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்பட்ட சிகிச்சைகளுக்குப் பின் சிலருக்குச் சித்தம் பேதலிப்பதைப் பற்றி 1887-லேயே ஜார்ஜ் சாவேஜ் என்ற ஆங்கில மனநோய் மருத்துவர் எழுதியிருக்கிறார். 1955-இல் பெட்ஃபோர்ட் என்ற மருத்துவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஐம்பது வயதுக்கு மேல் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வரலாறுகளை ஆராய்ந்து, ‘அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பழைய அப்பாவாக இல்லை’ என்று உறவினர்கள் சொல்லும் குறை வெறும் கற்பனையன்று என்றும், தவிர்க்க முடியாத அவசியம் இருந்தால் ஒழிய முதியவர்களைச் சத்திர சிகிச்சைக்கு உட்படுத்தக் கூடாது என்றும் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1998-இல், ஐரோப்பாவின் எட்டு நாடுகளிலும் அமெரிக்காவிலுமாகப் பதின்மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து, இருதயம் அல்லாத பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்ட, அறுபதும் அதற்கு மேலும் வயதுடைய 1,218 பேரை முறையாகச் சோதித்த முடிவை வெளியிட்டன. ஒரு வாரம் கழித்து 25.8 விழுக்காட்டினரிடமும், மூன்று மாதம் கழித்து 9.9 விழுக்காட்டினரிடமும் அறிவுத்திறன் குறைந்திருந்தது. சிகிச்சை செய்துகொள்ளாத ஒத்த வயதினரிடம் அதே குறைவு 3.4, 2.8 விழுக்காடுகளே காணப்பட்டது. மூட்டு மாற்றுக்கென்றே தனியாக நியூயார்க்கில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், முழங்கால் மாற்றிக்கொண்ட 262 முதியவர்களுள் ஆறு மாதத்திற்குப் பிறகும் குறிப்பிடத்தக்க சரிவு உடையவர்கள் ஐந்து விழுக்காட்டினர். நூற்றுக்கு ஐந்து என்பது பீதி அடைய வேண்டிய தொகையன்று. ஆயினும் புண் ஆறுமா என்று அத்தனை கவலையோடு கேட்கிற நாம், இதையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய அளவுக்கு அது பெரிய தொகைதான்.

காரணம் எது என்று ஆராயப் புகுந்தவர்கள் முதலில் சந்தேகித்தது மயக்க மருந்தை. நம் ஊரிலும் ‘முழு மயக்கம் கொடுத்தால் புத்தி போய்விடும், முதுகில் ஊசி போட்டால் பயமில்லை’ என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மேலே சொன்ன நியூயார்க் ஆய்வே இந்தக் கேள்விக்காக நடத்தப்பட்டதுதான்; பாதிப் பேருக்கு முழு மயக்கமும் பாதிப் பேருக்கு முதுகெலும்பினருகே செலுத்தும் மருந்தும் கொடுத்துப் பார்த்ததில், இரு சாராருக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை இவ்வாறே பிரித்துச் சோதித்தபோது, முதுகில் ஊசி போட்டவர்களுள் 20.5 விழுக்காட்டினருக்கும் முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களுள் 19.7 விழுக்காட்டினருக்கும் சித்தக் குழப்பம் உண்டாயிற்று; சீனாவில் 950 பேரிடம் நடந்து அடுத்த ஆண்டு வெளியான ஆய்வும் பேதம் இல்லை என்றே சொல்லியது. 1998-ஆம் ஆண்டு ஆய்வை நடத்தியவர்கள், சிகிச்சையின்போது ரத்த அழுத்தமும் பிராணவாயுவும் குறைவதுதான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பும் பொய்த்தது. நீண்ட நாள் சரிவோடு தெளிவான சம்பந்தம் உடையதாக அவர்களுக்கு எஞ்சி நின்றது நோயாளியின் வயது ஒன்றே.

இப்போது ஆராய்ச்சியாளர்களின் கவனம் மருந்தைவிட்டுக் காயத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. எலும்பை அறுத்து, மஜ்ஜையைக் குடைந்து, உலோகத்தை இறுக்கும்போது உடல் அதை ஒரு பெருங்காயமாகவே கொள்ளுகிறது. காயத்தை எதிர்கொள்ள ரத்தத்தில் பெருகும் அழற்சிப் பொருள்கள், மூளைக்கும் ரத்தத்திற்கும் இடையே இயற்கை அமைத்திருக்கும் தடுப்பைத் தளர்த்தி, மூளையின் காவல் அணுக்களைக் கிளர்ந்தெழச் செய்கின்றன. நிக்கோலோ டெராண்டோவும் மெர்வின் மேஸும் அவர்களுடைய சகாக்களும், எலிகளின் கால் எலும்பை மயக்க மருந்தின் கீழ் முறித்துச் சரிசெய்து, பின்னர் அவற்றின் ஞாபகசக்தி குறைவதையும், மூளையில் ஞாபகத்துக்கு இருப்பிடமான பகுதியில் அழற்சி தோன்றுவதையும் காட்டினார்கள். மஜ்ஜையிலிருந்து நுண்ணிய கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து மூளையை எட்டுவதும், முழங்கால் சிகிச்சையின்போது தொடையில் இறுக்கிய பட்டையை அவிழ்க்கும் சமயத்தில் அவை திரளாகப் புறப்படுவதும் ஒலிக்கருவிகளால் கண்டறியப்பட்டுள்ளன. இத்துணுக்குகளால் மனம் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பது பற்றி இன்னும் ஏகோபித்த முடிவு ஏற்படவில்லை. 2018-இல் வெளியான ஆய்வொன்றில் புளோரிடா பல்கலைக்கழகத்தார், முழங்கால் மாற்றிக்கொண்ட முதியவர்களின் மூளையை முதல்நாளும் சிகிச்சைக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பின்னும் ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு மூளைப் பகுதிகளிடையே இருக்கும் ஒருங்கிணைப்புத் தளர்ந்திருந்தது. முன்பே ஞாபகசக்தி மட்டாக இருந்தவர்களிடம் அத்தளர்ச்சி பரவலாகக் காணப்பட்டது.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. சேமிப்பு உள்ள குடும்பம் எதிர்பாராத வைத்தியச் செலவைச் சமாளித்துக்கொள்ளுவதுபோல, கையிருப்பு உள்ள மூளை இந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளுகிறது. கையிருப்புக் கரைந்துபோன மூளை தடுமாறுகிறது. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இவர்களுள் பெரும்பாலோரின் நோய் இன்னும் கண்டறியப்படவில்லை. பழகிய வீட்டில், பழகிய நேரத்தில் காபி வந்து, பழகிய நாற்காலியில் அமர்ந்து, துணைவியார் பாதி வாக்கியத்தை எடுத்துக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருடைய மறதி, வீட்டாருக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் மறைந்திருக்கக்கூடும். அவரை அறிமுகமற்ற அறையில், அறிமுகமற்ற முகங்களின் நடுவே, கண்ணாடியைக் கழற்றிவைத்துப் படுக்கவைத்தால் அது வெளிப்படுகிறது. ‘ஆபரேஷன்தான் அம்மாவுக்கு மறதியைக் கொண்டுவந்தது’ என்று சொல்லப்படும் சந்தர்ப்பங்களுள் பல, ஏற்கனவே தொடங்கிவிட்ட மறதியை ஆபரேஷன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சந்தர்ப்பங்களே.

இவ்வளவும் சொன்னதைக் கேட்டு, மூட்டு மாற்றே வேண்டாம் என்று பின்வாங்குவது விவேகமாகாது. பெட்ஃபோர்ட் எழுதியது 1955-இல். அன்றைய மயக்க மருந்துகளும் வேறு, கண்காணிப்பும் வேறு. மேலும், வலி என்பதே மனத்தைத் தின்னும் ஒரு வியாதி. ஓயாத வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கமின்மை ஞாபகத்தைக் கெடுக்கிறது. நடக்க முடியாதவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்தி, நாலு பேரோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டு, அதனாலேயே மந்தமடைகிறார். டென்மார்க்கில் 8,503 இரட்டையர்களை வைத்து நடத்திய, 2016-இல் வெளியான ஆய்வில், பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் அறிவுத்திறன் செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைந்திருந்த அளவு பொருட்படுத்தத்தக்கதன்று என்பது தெரிய வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றிக்கொண்டவர்களோ, புள்ளிவிவர அளவில் நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டாலும், சற்று மேலான மதிப்பெண்ணே பெற்றார்கள். ஆகவே அஞ்ச வேண்டியது சிகிச்சையை அன்று. முன்னேற்பாடின்றிச் சிகிச்சைக்குள் நுழைவதை.

முன்னேற்பாடு என்று நான் சொல்லுவது ஒரு புதிய இயந்திரத்தையோ விலையுயர்ந்த மருந்தையோ அன்று. குழப்பத்தை உண்டாக்கும் சில்லறைக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒவ்வொன்றும் அற்பம், நாலைந்து சேர்ந்தால் பெரும் ஆபத்து. அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கப்படும் பழைய வகை மாத்திரைகளும் ஊசிகளும், தூக்கத்துக்காக வருஷக்கணக்கில் விழுங்கிவரும் மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் வயோதிக மூளைக்கு ஆகாதவை. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, சிகிச்சைக்குப் பின் சோடியம் இறங்கிப்போனால், அது ஒன்றே பிதற்றலுக்குப் போதுமானது. சிறுநீர் கட்டிக்கொள்ளுதல், மூன்று நாள் மலச்சிக்கல், சிறுநீர்க் குழாயினால் வந்த கிருமித் தொற்று, போதிய வலி நிவாரணம் இல்லாமை, வலி மருந்தின் அளவு மிகுதி ஆகியவையும் அப்படியே. தினந்தோறும் மது அருந்தும் பழக்கத்தைக் குடும்ப கௌரவத்தை எண்ணி மருத்துவரிடம் மறைத்துவிடுகிறவர்கள் உண்டு. குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் எழும் நடுக்கமும் மாயத் தோற்றமும் உயிருக்கே உலை வைப்பவை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் வெட்கம் பார்ப்பது பெருந்தவறு. காலையில் சிகிச்சை என்றால் முதல்நாள் இரவிலிருந்தே ஒரு வாய்த் தண்ணீரும் கொடாமல் வறட்டிப் போடும் பழக்கமும் ஒழிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீர் கொடுக்கலாம் என்பது மயக்கவியல் நிபுணர்களின் சங்கங்களே ஒப்புக்கொண்ட விதி. எவருக்கு எது வரையில் கொடுக்கலாம் என்பதை அந்த மருத்துவரே சொல்லுவார். கேட்க வேண்டியது நம் கடமை.

இத்தகைய எளிய ஏற்பாடுகளால் பயன் உண்டா என்பதற்கு நிரூபணம் தேடிப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஷாரன் இனூயே என்ற மருத்துவர், எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 உள்நோயாளிகளிடையே நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், செய்யப்பட்டவை இவைதாம்: இன்ன நாள், இன்ன இடம் என்று அடிக்கடி நினைவூட்டினார்கள், மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மறவாமல் மாட்டிவிட்டார்கள், தண்ணீர் குடிக்கச் செய்தார்கள், எழுப்பி நடமாடச் செய்தார்கள், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பானம் கொடுத்து, முதுகை நீவிவிட்டு, வார்டில் சத்தத்தைக் குறைத்தார்கள். சாதாரணமாகக் கவனிக்கப்பட்டவர்களுள் 15 விழுக்காட்டினருக்கு உண்டான சித்தக் குழப்பம் இவர்களுள் 9.9 விழுக்காட்டினருக்கே உண்டாயிற்று. பாஸ்டன் நகரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், இடுப்பு எலும்பு முறிந்த 126 பேருள் ஒரு பாதியினரை முதியோர் மருத்துவ நிபுணர் நாள்தோறும் வந்து பார்க்கும்படி செய்தபோது, ஐம்பது விழுக்காடாக இருந்த குழப்பம் முப்பத்திரண்டாகக் குறைந்தது. எந்த மருந்துக் கம்பெனியின் மாத்திரையும் இதற்கு நிகரான பலனைத் தந்ததாக நான் அறியேன்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. யேல் மருத்துவமனை தொண்டர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்துச் செய்த காரியத்தைச் செய்ய, நம் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் பாய் விரித்து ஒருவர் தயாராக இருக்கிறார். துணைக்கு இருக்கும் மகளையோ மருமகளையோ பேரனையோ மாத்திரை வாங்கிவரவும் பில் கட்டவும் மட்டும் பயன்படுத்திக்கொள்ளுகிற நாம், நோயாளியின் மனத்துக்குக் காவலாக அவர்களை ஏற்படுத்திவிட்டால் என்ன? அறுவைக்கு முன் ஒரு பத்து நிமிஷம் அவர்களை உட்காரவைத்து, காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள், இன்று இன்ன கிழமை என்று சொல்லுங்கள், கண்ணாடியும் பல்செட்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஊர்க் கதை பேசுங்கள், பகலில் தூங்கவிடாதீர்கள், இரவில் டி.வி.யை நிறுத்திவிடுங்கள், பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னால் ‘இன்று வேண்டாம், பாவம்’ என்று தடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். வாரத்தின் நாட்களைச் சனி, வெள்ளி, வியாழன் என்று பின்னாலிருந்து சொல்லச் சொல்லி, நேற்றுச் சொன்னவர் இன்று தடுமாறுகிறார் என்றால், உடனே நர்ஸிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் கற்பித்துவிடலாம். கவனம் சிதறுவதே இக்குழப்பத்தின் முதல் அடையாளம். ஐ.சி.யு.வில் வைக்க நேர்ந்தாலும், பழகிய முகம் ஒன்றைச் சிறிது நேரமாவது அருகில் அனுமதிப்பது சலுகையாகாது, சிகிச்சையின் ஓர் அங்கமே ஆகும்.

குழப்பம் வந்தேவிட்டால் செய்யக் கூடாதவையும் உண்டு. கையைக் கட்டிலோடு கட்டிப்போடுவது மிரட்சியை வளர்க்கும். ‘தூங்க ஊசி போடுங்கள்’ என்று குடும்பத்தார் வற்புறுத்துவதும், வார்டின் அமைதிக்காக நர்ஸ் அதற்கு இணங்குவதும், குடியை நிறுத்தியதால் வரும் குழப்பம் போன்ற சில நிலைகளைத் தவிர, தீயை நெய்யால் அவிப்பதாகவே முடியும். வயசானால் இப்படித்தான் என்று ஒதுக்குவதோ, மந்திரிக்க ஆள் தேடுவதோ, எல்லார் முன்னிலையிலும் கேலியாகப் பேசிச் சிரிப்பதோ, பிற்பாடு தெளிவடைந்து நடந்ததை அரைகுறையாக நினைவுகூரும் பெரியவரை எவ்வளவு கூசச் செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சித்தக் குழப்பம் பைத்தியமன்று. உடம்பில் எங்கேயோ ஏதோ சரியில்லை என்று மூளை எழுப்பும் அபயக் குரல். அந்தக் குரலைக் கேட்டுச் சோடியத்தையும் சிறுநீரையும் பிராணவாயுவையும் மருந்துச் சீட்டையும் புண்ணையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் வைத்தியம்.

சிகிச்சைக்கு முன் ஞாபகசக்தியைச் சோதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. மூன்று சொற்களைச் சொல்லி, ஒரு கடிகார முகத்தை வரையச் சொல்லி, பிறகு அந்த மூன்று சொற்களைத் திருப்பிக் கேட்கும் சோதனைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. கைநாட்டு வைக்கிற பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்லுவது அநியாயம் என்று அவர்கள் சொல்லுவார்களானால், அது நியாயமான ஆட்சேபம். பள்ளிக்கூடம் போகாத குற்றத்துக்காக ஒருவரை மறதி நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. ஆனால் அதற்கும் பரிகாரம் நம் கையில் இருக்கிறது: படிப்பு வாசனை இல்லாத நம் கிராமத்து முதியவர்களை மனத்தில் கொண்டே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் மறதி நோயைக் கண்டறியும் சோதனைகளை வகுத்திருக்கிறார்கள், முதியவரைக் கேட்பதோடு, அவரை அன்றாடம் பார்க்கும் உறவினரைக் கேட்பதும் அவற்றில் ஓர் அங்கம். சோதனையில் குறை தெரிந்தால் சிகிச்சையை மறுக்க வேண்டும் என்பதில்லை. அவரை அதிகக் கவனத்தோடு நடத்த வேண்டும் என்றும், இரு முழங்கால்களையும் ஒரே நாளில் மாற்றுவது உசிதமா என்று மறுபடி யோசிக்க வேண்டும் என்றும், ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் மனம் சம்பந்தமான அபாயத்தையும் எடுத்துரைக்க வேண்டும் என்றுமே பொருள்.

வீடு திரும்பிய பின்னரும் காவல் தளரலாகாது. முதல் சில வாரங்களுக்கு இன்சுலின் அளவையும் மாத்திரை வேளைகளையும் வேறொருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரப் பதிவு, பாகப் பிரிவினை, பெருந்தொகை கொடுக்கல் வாங்கல் போன்ற காரியங்களை ஒத்திப்போட வேண்டும். ஆஸ்பத்திரியில் குழப்பம் அடைந்தவரைப் பிற்பாடு மறவாமல் ஞாபகசக்திச் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பாஸ்டனில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 560 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், குழப்பம் அடைந்தவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. குழப்பமே சரிவை உண்டாக்குகிறதா, உள்ளே மறைந்திருந்த நோயை அது அறிவிக்கிறதா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எதுவானாலும் அது அசட்டை செய்யத்தக்க செய்தியன்று.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பிறருக்கு வழிகாட்டியது. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கிவைத்தார். இந்தியாவில் முதன்முதலாக அத்துறையில் பட்ட மேற்படிப்பு ஏற்பட்டதும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இத்துறையில் சேர்ந்த அறிவு முதியோர் பிரிவின் சுவர்களுக்குள் நின்றுவிடாமல், முதியவர்கள் உண்மையில் மிகுதியாக வந்து படுக்கும் எலும்பு மருத்துவ வார்டுக்குள் நடந்து வர வேண்டும். அதற்குச் சுகாதாரத் துறை மூன்று காரியங்களை விதியாக்கினால் போதும். அறுபத்தைந்து வயதைக் கடந்த எவருக்கும் மூட்டு மாற்றுவதற்கு முன் ஞாபகசக்திச் சோதனையும் மருந்துச் சீட்டுப் பரிசீலனையும் நடக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் குறிக்கும் அட்டையிலேயே, ஒவ்வொரு வேளையும் மனத் தெளிவையும் நர்ஸ் குறிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் குழப்பம் உண்டாயிற்றா இல்லையா என்று ஒரு வரி எழுதி, மூன்றாம் மாதம் தையல் வடுவையும் எக்ஸ்ரேயையும் பார்க்கும்போது மனத்தையும் பார்க்க வேண்டும். அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் உலோகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இம்மூன்றுக்கும் ஆகும் செலவு அற்பம். விதி வரும்வரையில் காத்திருக்க வேண்டாதவர்கள் குடும்பத்தார். அடுத்த முறை எலும்பு மருத்துவரின் அறையில், எத்தனை நாளில் நடக்கலாம் என்ற கேள்விக்கு முன்னதாக, இவருடைய ஞாபகத்தைச் சோதித்துவிட்டீர்களா என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இன்றே இருக்கிறது.